மழைக்கும் வண்டலுக்கும் ஏற்ற பிரேக் பேட்

ஐப்பசி அடைமழையில் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கோ திருவாரூருக்கோ மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குப் பழக்கமான ஒரு புதிர் உண்டு. நெடுநேரம் பிரேக் தொடாமல் ஓடிய வண்டியில் முன் பிரேக்கை முதல் தடவை இழுக்கும்போது பிடிப்பே தெரியாது. லீவர் வழக்கமான இடத்தில்தான் நிற்கிறது, விரலுக்கு எதிர்ப்பும் வழக்கம்போலத்தான் இருக்கிறது, வண்டி மட்டும் வேகம் குறையாமல் ஓடுகிறது. பதறி இன்னும் அழுத்தி இழுத்தால், அடுத்த நொடியில் பிரேக் சட்டென்று கவ்விக்கொள்கிறது. காய்ந்த சாலையில் அதே வண்டி இப்படிச் செய்வதில்லை. புது பேட் போட்ட பிறகு சிலர் வண்டியில் இந்தக் கோளாறு கூடுகிறது, சிலர் வண்டியில் குறைகிறது. ஸ்பேர்ஸ் கடையில் ஒரே காலிப்பருக்குப் பொருந்தும் நாலைந்து வகைப் பேட் கிடைக்கும். வடிவமும் துளைகளும் ஒன்றுபோலவே இருக்க, விலையும் பெட்டியில் எழுதியிருப்பதும் வேறாக இருக்கும். அவற்றில் காவிரிப் படுகைக்கு ஏற்றது எது என்பதற்கு விடை, மழைநாளில் அந்த ஒரு நொடி பிரேக்குக்கு என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது.

பிரேக்கின் வேலை, ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் விடுவது. வண்டி 110 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ, பின்னால் கட்டிய அரிசிச் சிப்பம் 25 கிலோ என்று வைத்தால் மொத்தம் 200 கிலோ. இது மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது கொண்டிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 28 கிலோஜூல். நூறு மில்லி தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலை அருகே கொண்டுபோக இவ்வளவு வெப்பம் போதும். வண்டி நிற்கும் மூன்று நான்கு வினாடிக்குள் இது முழுவதும் பேடும் டிஸ்க்கும் உரசும் இடத்தில் பிறக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், எடையைவிட வேகம்தான் பிரேக்குக்குப் பெரும் சுமை.

அந்த உரசலின் வலிமையைக் குறிக்கும் எண் உராய்வுக் குணகம். பேடை டிஸ்க்கின் மேல் எவ்வளவு விசையோடு அழுத்துகிறோமோ, அதில் எத்தனை பங்கு டிஸ்க்கைத் தடுக்கும் விசையாக மாறுகிறது என்பதையே அது சொல்கிறது. 100 அலகு அழுத்தினால் 40 அலகு தடை கிடைக்குமானால் குணகம் 0.4. சாதாரண பேட்களின் குணகம் இதை ஒட்டியே இருக்கும். பேடின் பரப்பளவு இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. 1699-இல் பிரான்சில் கியோம் அமோன்டோன் முன்வைத்த விதி இது: உராய்வு அழுத்தும் விசையைப் பொறுத்தது, தொடும் பரப்பின் அகலத்தைப் பொறுத்ததல்ல. ஆகவே பெரிய பேட் கூடுதலாகப் பிடிக்கும் என்ற எண்ணம் சரியல்ல. அது அதிக நாள் உழைக்கும், சூடு குறைவாக ஏறும், அவ்வளவுதான். பிடிப்பைத் தீர்மானிப்பவை பேடின் பொருளும், அது உரசும் டிஸ்க்கின் பொருளும், இரண்டுக்கும் இடையில் அந்த நேரத்தில் இருப்பதும்.

பரப்பளவு ஏன் கணக்கில் வரவில்லை என்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் ஃபிலிப் பௌடனும் டேவிட் டேபரும் 1930களின் இறுதியில் இரண்டு உலோகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்தார்கள். தொடும் இடம் அதிகமானால் மின்தடை குறையும், குறைவானால் தடை கூடும். கண்ணுக்கு முழுப்பரப்பும் ஒட்டியிருப்பதுபோலத் தெரிந்தாலும், உண்மையில் தொடும் பரப்பு மிகமிகச் சிறியது என்று அந்த அளவுகள் காட்டின. நுண்ணிய முகடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. அழுத்தம் கூடும்போது தொடும் பரப்பு கூடுகிறது, உராய்வும் அதோடு கூடுகிறது. வெளித்தோற்றத்துப் பரப்புக்கு அதில் பங்கில்லை.

பிரேக் பேடில் இது எப்படி நடக்கிறது என்பதை நேரடியாகப் பார்க்க ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மிக்கேல் எரிக்சனும் ஸ்டஃபான் யாக்கப்சனும் உடன் பணியாற்றியவர்களும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு வழி கண்டார்கள். இரும்பு டிஸ்க்குக்குப் பதில் கண்ணாடி டிஸ்க்கைச் சுழலவிட்டு, அதன்மேல் பேடை அழுத்தி, மறுபக்கத்திலிருந்து நுண்ணோக்கியால் பார்த்தார்கள். பேடின் முகத்தில் ஆங்காங்கே சிறுசிறு மேடைகள் எழும்பி நின்றன. அகலம் ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு, உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. கடினமான இழையோ துகளோ முதலில் தாங்கி நிற்க, அதன்மேல் மோதித் தேங்கும் தேய்மானத் தூள் சூட்டாலும் அழுத்தத்தாலும் இறுகி மேடையை வளர்க்கிறது. இவற்றைத் தொடுதிட்டுகள் என்று அழைக்கலாம். ஓட ஓடப் பழைய திட்டு உடைகிறது, வேறோர் இடத்தில் புதியது உருவாகிறது. வெள்ளம் புகுந்த வயற்காட்டில் அங்கங்கே தலைநீட்டும் மேட்டுத் திட்டுகளை மேலிருந்து பார்ப்பதுபோல இதைக் கற்பனை செய்துகொள்ளலாம். பாரம் முழுவதையும் தாங்குவது அந்தத் திட்டுகள். மற்ற இடமெல்லாம் பள்ளம், அதில் தூளும் காற்றும் நிற்கின்றன, மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது.

மழைநாள் புதிருக்கு இங்கே விடை கிடைக்கிறது. பிரேக் தொடாமல் ஓடும்போது சக்கரம் வாரியடிக்கும் நீர் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகப் படர்கிறது. லீவரை இழுத்த கணத்தில் திட்டுகள் டிஸ்க்கைத் தொடுவதில்லை, நீர்ப்படலத்தின் மேல் வழுக்குகின்றன. உராய்வுக் குணகம் சரிந்துவிடுகிறது. பேட் அந்த நீரை வழித்து எறிந்து, உரசலின் சூடு எஞ்சிய ஈரத்தை ஆவியாக்கியதும் குணகம் பழைய நிலைக்கு ஏறுகிறது. அதற்குள் ஓட்டுபவர் லீவரை முன்பைவிட இறுக்கிப் பிடித்திருப்பார். குறைந்த உராய்வுக்காகக் கொடுத்த அழுத்தம் முழு உராய்வோடு சேரும்போதுதான் பிரேக் சட்டென்று கவ்வுகிறது. ஈரமும் சேறும் படிந்த சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சரிவது இந்த இரண்டாவது நொடியில்தான். முதல் நொடியின் விலையும் சிறிதல்ல. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நன்றாகப் பிடிக்கும் வண்டி நிற்க ஏறத்தாழ 23 மீட்டர் ஆகும். ஒரு வினாடி பிடிப்பில்லாமல் போனால் அதோடு இன்னும் 17 மீட்டர் சேர்ந்து, 40 மீட்டராகிவிடும்.

இந்தக் குறையை உலகம் அறிந்துகொண்டது டிஸ்க் பிரேக் மோட்டார் சைக்கிளுக்கு வந்த பிறகு. 1969-இல் ஹோண்டா சிபி750 முன்சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க்கோடு பெருவாரியாக விற்பனைக்கு வந்தது. துரு ஏறினால் பார்க்க நன்றாக இராது என்பதால் ஜப்பானிய நிறுவனங்கள் துருவேறா எஃகில் டிஸ்க் செய்தன. மழை மிகுந்த பிரிட்டனில் இந்த வண்டிகள் நனைந்தபோது பிடிப்பு வர ஓரிரு வினாடி தாமதமாவது 1970களில் பெரும் புகாராயிற்று. வார்ப்பிரும்பு டிஸ்க் இந்த அளவு மோசமில்லை. வழவழப்பான துருவேறா எஃகும் அன்றைய ரெசின் பேடும் சேர்ந்த இணைதான் கெட்டது. டிஸ்க்கில் துளையும் காடியும் போட்டு நீர்ப்படலத்தை உடைத்தார்கள். பேடின் கலவையை மாற்றினார்கள். உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த பேட்கள் ஈரத்திலும் குணகம் அதிகம் குறையாமல் நின்றன. இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் டிஸ்க்குகளும் பெரும்பாலும் துருவேறா எஃகுதான். அவற்றில் காணும் துளைகள் அழகுக்காகப் போடப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். அவை மழைக்காகப் போடப்பட்டவை.

பேட் என்பது எஃகுத் தகட்டின் மேல் ஒட்டிய உராய்வுப் பொருள். அந்தப் பொருளில் பத்திருபது சேர்மானங்கள் இருக்கும். அனைத்தையும் பிடித்து வைக்கும் பிணைப்பி பெரும்பாலும் பீனாலிக் ரெசின். இழைகள் வலுவூட்டுகின்றன. அலுமினா போன்ற கடினத் துகள்கள் டிஸ்க்கைச் சுரண்டிச் சுத்தமாக வைக்கின்றன. கிராஃபைட் உரசலைச் சீராக்குகிறது. பாரைட்ஸ் என்ற கனிமம் இடத்தை நிரப்புகிறது. இவற்றைக் கலந்து, தகட்டின் மேல் சூடாக அழுத்தி, அடுப்பில் பல மணி நேரம் வைத்து ரெசினை இறுக வைக்கிறார்கள்.

சேர்மானங்களில் ஒன்று காவிரி டெல்டாவுக்கு மிக அருகில் விளைகிறது. தஞ்சாவூர்–புதுக்கோட்டை சாலையில் ஆதனக்கோட்டையைக் கடப்பவர்கள் சாலையோரத்தில் வறுத்து உடைத்த முந்திரிப் பருப்பு விற்பதைப் பார்த்திருப்பார்கள். கொட்டை உடைக்கிறவர்களின் விரல்களைப் புண்ணாக்கும் காரமான எண்ணெய் முந்திரி ஓட்டுக்குள் இருக்கிறது. அதைக் காய்ச்சி, ஃபார்மால்டிஹைடு போன்ற பொருளோடு வினைபுரிய வைத்தால் ரப்பர் போன்ற திடப்பொருளாக இறுகுகிறது. அதை அரைத்தால் கிடைப்பது முந்திரி உராய்வுத் தூள். உலகெங்கும் பிரேக் பேடுகளில் இது சேர்கிறது. பேடுக்கு ஒரு மென்மையைத் தந்து, கிறீச்சொலியை அடக்கி, சூடேறாத நிலையிலும் பிடிப்பை ஒழுங்காக வைக்கிறது. கடும் சூட்டில் இது கருகிப் போகும். ஆகவே குளிர்ந்த பிரேக்கில் முதல் இழுப்புக்கே பிடிக்க வேண்டிய அன்றாட வண்டிகளின் பேடில் இதற்கு நல்ல இடம் உண்டு, பந்தயப் பேடில் அவ்வளவு இல்லை.

ஒரு காலத்தில் இழையாக இருந்தது கல்நார். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897-இல் குதிரை வண்டிகளுக்கான பிரேக் கட்டைகளைச் செய்யத் தொடங்கினார். பின்னர் சூடு தாங்க வேண்டும் என்பதற்காகக் கல்நார் புகுந்தது, முக்கால் நூற்றாண்டு கோலோச்சியது. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் இன்று ஐயமில்லை. பெட்டியில் கல்நார் இல்லாதது என்று அச்சிட்ட பேடையும் டிரம் பிரேக் ஷூவையும் மட்டுமே வாங்க வேண்டும். எது எப்படியிருந்தாலும், டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடும் வழக்கம் கைவிடத் தக்கது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாடிக்கையாளர் ஆண்டுக்கு ஒருமுறை சுவாசிக்கும் தூசியை மெக்கானிக் நாள்தோறும் சுவாசிக்கிறார்.

கடையில் கிடைப்பவை மூன்று குடும்பங்கள். ரெசினும் உலோகமல்லாத இழைகளும் கொண்டது கரிமப் பேட். சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தின்னாது, குளிர்நிலையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் விரைவில் தேயும், 300 டிகிரியைத் தாண்டும் சூட்டில் ரெசின் சிதைந்து பிடிப்பு குறையும். எஃகு இழை கலந்தது அரை உலோகப் பேட். சூட்டை அதிகம் தாங்கும், ஆனால் அந்த எஃகு இழை துருப்பிடிக்கக் கூடியது. செம்பு, வெண்கலம் போன்றவற்றின் தூளைச் சுட்டு இறுக்கியது உலோகத்தூள் பேட். சூட்டிலும் ஈரத்திலும் உறுதியானது, நீண்ட நாள் உழைப்பது, டிஸ்க்கை அதிகம் தேய்ப்பது, வெப்பத்தைப் பிரேக் ஆயில் வரை எளிதில் கடத்துவது. செராமிக் என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் கரிமப் பேடில் செராமிக் இழையோ துகளோ கலந்ததைத்தான் குறிக்கும். அந்தப் பெயரை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

சில பேட்களின் பின்தகட்டிலோ ஓரத்திலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் முறை அது. முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வுக் குணகத்தையும், இரண்டாவது கடும் சூட்டில் அதே குணகத்தையும் குறிக்கும். ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.55 வரை, ‘எச்’ அதற்கும் மேல். கரிமப் பேடில் எஃப்எஃப் அல்லது ஜிஎஃப் போன்ற இணைகளும், உலோகத்தூள் பேடில் எச்எச் என்பதும் சாதாரணமாகக் காணப்படும். இரண்டாம் எழுத்து முதலெழுத்தைவிடக் கீழிறங்கினால் அந்தப் பேட் சூட்டில் தளர்கிறது என்று பொருள்.

எச்எச் என்பதைப் பார்த்ததும் இதுவே சிறந்தது என்று முடிவு கட்டிவிடுவது எளிது. அந்த எழுத்துகள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்தால் தயக்கம் வரும். பேடிலிருந்து ஓரங்குலச் சதுரத் துண்டை வெட்டியெடுத்து, சுழலும் டிரம்மின் உள்பக்கத்தில் அழுத்தி, சூட்டைப் படிப்படியாக ஏற்றி இறக்கிக் குணகத்தை அளக்கிறார்கள். ‘மிதமான சூடு’ என்பது இதில் 93 டிகிரியில் தொடங்கி 204 டிகிரி வரை. மழையில் நனைந்து குளிர்ந்த டிஸ்க் இந்த அளவுகளின் பக்கத்திலேயே வராது. சோதனையில் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. அதாவது அந்த எழுத்துகள் சூட்டைப் பற்றிப் பேசுகின்றன, ஈரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

டெல்டாவில் சூடு எவ்வளவு பெரிய பிரச்சினை? தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் வரையிலான ஏறத்தாழ 80 கி.மீ. தூரத்தில் தரை இறங்குவது அந்த 60 மீட்டர்தான். கொல்லிமலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அதே 200 கிலோ ஆயிரம் மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 1,960 கிலோஜூல் வெளியேறியாக வேண்டும். 60 கி.மீ. வேகத்திலிருந்து எழுபது முறை நின்றதற்குச் சமம் அது. எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை ஏற்றாலும் மீதி பேடின் தலையில்தான். மலைப்பாதைக்கு இரண்டாம் எழுத்து உயிர்நாடி. கல்லணைக் கால்வாய்க் கரையிலும் வெண்ணாற்றங்கரையிலும் ஓடும் வண்டிக்கு அந்தத் தேவை வாழ்நாளில் வருவது அரிது.

இங்கே பேடைச் சோதிப்பவை வேறு. வடகிழக்குப் பருவமழை முதலில். அடுத்தது சேறு. நடவுக்கு உழும் டிராக்டர்களின் கேஜ் வீலும், அறுவடை இயந்திரங்களும் வயலின் களிமண்ணைத் தார்ச்சாலையில் கொண்டுவந்து கொட்டுகின்றன. களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியது. ஈரத்தோடு சேர்ந்தால் திட்டுகளுக்கு இடையிலான பள்ளங்களை நிரப்பி டிஸ்க்கின் மேல் பசைபோல் பரவும், வெறும் நீரைவிட மெதுவாகத்தான் விலகும். வடக்கே கொள்ளிடக் கரையோரச் சாலைகளிலும் தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மணற்பாங்கான மண்ணிலும் நிலைமை வேறு. மணலில் உள்ள குவார்ட்ஸ் டிஸ்க்கின் எஃகைவிடக் கடினமானது. மென்மையான பேடில் ஒரு மணி புதைந்துகொண்டால் அது டிஸ்க்கில் வட்ட வட்டமாகக் கோடு கிழிக்கும். கிழக்கே வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்தில் உப்புக்காற்று. பேடின் எஃகுத் தகட்டில் துரு கிளம்பி, உராய்வுப் பொருளை அடியிலிருந்து தூக்கிப் பெயர்த்துவிடும். பொருள் பாதி மீதமிருக்கும்போதே அது தகட்டிலிருந்து கழன்று விழுவது இதனால்தான். கடலோரத்தில் எஃகு இழை கலந்த பேடைத் தவிர்ப்பதும், தகட்டில் பூச்சு முழுமையாக இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது.

ஈரத்துக்கான சோதனை உண்டு. ஆனால் அது பேடுக்குத் தனியாக நடப்பதில்லை, முழு வண்டிக்கு நடக்கிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் 78-ஆம் எண் வாகன ஒழுங்குமுறை சொல்வது இது: ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் மணிக்கு 15 லிட்டர் வீதம் தண்ணீர் தெளித்தபடி வண்டியை ஓட்டி, பிரேக் போட்ட பின் அரை வினாடியிலிருந்து ஒரு வினாடிக்குள் வேகம் குறையும் வீதத்தை அளக்க வேண்டும். காய்ந்த நிலையில் கிடைத்ததில் 60 சதவீதமாவது அப்போது கிடைக்க வேண்டும். இதற்கு மேல்வரம்பும் உண்டு. நனைந்த பிரேக் எந்தக் கணத்திலும் காய்ந்த நிலையின் 120 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முதல் நொடியில் பிடிக்காமல் போவது, அடுத்த நொடியில் சட்டென்று கவ்வுவது என்ற இரண்டு ஆபத்தையும் அந்த இரண்டு எண்கள் கட்டுப்படுத்துகின்றன. இந்தியாவில் இருசக்கர வாகனங்களின் பிரேக்குக்கான தரநிலை ஐ.எஸ். 14664. புது வண்டி அந்தத் தரத்தைக் காட்டித்தான் விற்பனைக்கு வருகிறது.

அந்தச் சோதனையில் தேறியது ஓர் இணை: குறிப்பிட்ட டிஸ்க், குறிப்பிட்ட பேட். வண்டி நிறுவனத்தின் பெயரில் வரும் ஒரிஜினல் பேட், அல்லது அந்த நிறுவனத்துக்கே பேட் செய்து தரும் உற்பத்தியாளர் தன் பெயரில் விற்பது, முதல் தேர்வாக இருக்க வேண்டியதற்குக் காரணம் இதுதான். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட உற்பத்தியாளர்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையை மையமாகக் கொண்ட ரானே, சுந்தரம், பிரேக்ஸ் இந்தியா ஆகியவை 1960, 70களிலிருந்தே இந்தத் தொழிலில் இருக்கின்றன. வண்டி கரிமப் பேடோடு வந்திருந்தால் கரிமப் பேடையே போடுவது பொருத்தம். உலோகத்தூள் பேட் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. உலோகத்தூள் பேடோடு வந்த வண்டிக்கு விலை குறைவென்று கரிமப் பேட் மாட்டினால் மழையில் முதல் நொடி நீளும். ஆனால் கரிமப் பேடுக்காகச் செய்த மெல்லிய டிஸ்க்கில் உலோகத்தூள் பேடை மாட்டினால், டிஸ்க் வேகமாகத் தேயும், நீண்ட நாள் உழைத்துப் பேட் மிச்சப்படுத்தியதை டிஸ்க் வாங்கிக்கொள்ளும்.

125 சிசி வரையிலான வண்டிகளில் இன்னொரு காரணமும் சேர்கிறது. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, இந்தியாவில் விற்கும் இத்தகைய வண்டிகளுக்கு இணைப்பு பிரேக்காவது இருக்க வேண்டும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ் கட்டாயம். இணைப்பு பிரேக்கில் ஒரு லீவரை இழுத்தால் முன்னும் பின்னும் ஒரு கணக்கான பங்கில் பிடிக்கும். அந்தப் பங்கு, வண்டியோடு வந்த பேடின் குணகத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. முன்னால் மட்டும் வீரியமான பேடை மாட்டினால் பங்கு முன்பக்கம் சாய்ந்துவிடும். ஏபிஎஸ் இல்லாத ஸ்கூட்டரில், சேற்றுச் சாலையில், அது முன்சக்கரத்தைப் பூட்டும்.

டெல்டாவின் உழவர் வண்டியான டிவிஎஸ் எக்ஸெல்லில் இருப்பது டிரம் பிரேக், அதற்குப் பேட் இல்லை, ஷூ. பல ஸ்கூட்டர்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பின்சக்கரம் இன்னும் டிரம்தான். டிரம்மின் சுழற்சி ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்துத் தன்மேல் இன்னும் இறுக்கிக்கொள்ளும். சிறிய கைவிசையில் பெரிய பிடிப்பு கிடைப்பது இதனால். இதே காரணத்தால் குணகம் கால்பங்கு குறைந்தால் பிடிப்பு கால்பங்குக்கும் அதிகமாகக் குறையும். ஆகவே ஷூ வாங்கும்போது லைனிங்கின் தரம் பேடில் இருப்பதைவிட ஒரு படி முக்கியம். டிரம் மூடியிருப்பதால் தூறலுக்கு அசைந்து கொடுக்காது. ஆனால் முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி ஏறினால் உள்ளே புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. அப்படிப்பட்ட இடத்தைத் தாண்டியதும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகச் சில தடவை பிடித்துவிட்டால் சூட்டில் காய்ந்துவிடும். டிஸ்க்குக்கும் இதே வைத்தியம் பொருந்தும். மழையில் நீண்ட நேர்ச்சாலையில் போகும்போது ஒரு கி.மீ.க்கு ஒருமுறை லீவரை லேசாகத் தொட்டுவிடுவது, நீர்ப்படலமும் சேற்றுப்பசையும் சேராமல் பார்த்துக்கொள்ளும்.

பேட் மாற்ற வேண்டிய நேரத்தை அதன் முகத்தில் உள்ள காடியே சொல்லும். காடி மறையும் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் பேட் முடிந்தது. பழைய இணையைக் கழற்றியதும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. ஒன்று தேய்ந்து மற்றது தடிமனாக இருந்தால் குற்றம் பேடில் இல்லை. காலிப்பர் நகர வேண்டிய பின்னில் சேறு புகுந்து இறுகியிருக்கிறது என்று பொருள். அதைக் கழுவி, பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் தடவாமல் புதுப் பேட் மாட்டினால் அதுவும் அப்படியே தேயும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் எந்தப் பேடும் உதவாது. போலிப் பேடை அடையாளம் காட்டுபவை: தகட்டின் பிசிறடித்த ஓரம், தகட்டுக்கும் உராய்வுப் பொருளுக்கும் இடையே தெரியும் கீறல், தயாரிப்பு எண் இல்லாமை, காடி இல்லாமை. சரியாக இறுகாத ரெசின் முதல் சில கடும் பிரேக்குகளிலேயே வாயுவை வெளிவிட்டு வழுக்கும் என்பதால் இவை தோற்றக் குறைகள் மட்டுமல்ல.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, நான்கு சதவீதத்துக்கும் குறைவான நீர் கலந்தாலே 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் வழக்கம் டெல்டாவின் காற்றுக்கு மிகையல்ல. வாட்டர் வாஷ் முடிந்ததும் பளபளப்புக்காக டீசல் அடிக்கும் இடங்களில் டிஸ்க்கின் பக்கம் தெளிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உராய்வுப் பொருளில் நுண்துளைகள் உண்டு. டீசலோ செயின் ஆயிலோ அதில் ஊறிவிட்டால் தேய்த்தாலும் கழுவினாலும் முழுதாகப் போகாது, பேடையே மாற்ற வேண்டியதுதான்.

புதுப் பேடின் முகம் தட்டை. பழைய டிஸ்க்கின் முகமோ வரிவரியாக மேடு பள்ளம். முதல் நாளில் இரண்டும் சில வரிகளில் மட்டுமே தொடும், தொடுதிட்டுகளும் இன்னும் உருவாகியிருக்கவில்லை. டிஸ்க்கின் மேல் பேடின் பொருள் மெல்லிய படலமாகப் படிந்து, திட்டுகள் வளர்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த முதல் 200–300 கி.மீ. வரை ஆகலாம். அதுவரை பிரேக்கை மிதமாகவும் அடிக்கடியும் பிடிக்க வேண்டும். திடீரென்று இறுக்கினால் பொருந்தாத இடங்கள் சூட்டில் கண்ணாடிபோல் வழவழத்துவிடும். அடைமழையில் இந்தப் பொருத்தம் சரியாக நடக்காது. ஆவணியில் சர்வீஸ் விடும்போது காடி மறையும் நிலைக்கு நெருங்கியிருந்தால், கார்த்திகை வரை இழுக்காமல் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. மழை இறங்கும் முன் காய்ந்த சாலையில் அந்த 200–300 கி.மீ. ஓடிவிடும்.